பத்மாசினி அக்காவும் மஞ்சள் தண்ணீரில் கிடந்த சதையும்

நான் லேப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், மாடியில் இருக்கிறது அந்த லேப். பாட்டில் கழுவவும், தரை துடைக்கவும், வெளியூர் நர்சிங் ஹோம்களுக்குப் போய் சாம்பிள் வாங்கி வரவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே அலமாரி முழுக்க இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு, எந்த மூடி என்ன நிறம் என்று மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், ஒவ்வொரு பாட்டிலிலும் இங்கிலீஷ் எழுத்துக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் ஒட்டி, நீல மையில் தமிழில் எழுதியிருந்தது.

ரத்தம் எடுக்கும் சாய்குமார் அண்ணன், "என்னக்கா, லேப்ல தமிழ் வளக்குறீங்களா?" என்று கேட்டார்.

மேசையில் இருந்த பத்மாசினி அக்கா தலையைத் தூக்கவில்லை. "எனக்குக் கண்ணு மங்குதுப்பா. இங்கிலீஷ் எழுத்து பொடிசா இருக்கு."

அவருக்குக் கண் மங்கவே இல்லை. ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் என்ன கனமோ அந்தக் கனத்துக்குச் சதையைச் சீவுகிற கண் அது. எனக்கு மட்டுமில்லை, சாய்குமார் அண்ணனுக்கும் அது தெரியும். யாருக்காக எழுதியது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பத்மாசினி அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். காமராசர் சாலைப் பக்கம் வீடு. அவர் அப்பா தறி போட்டவர். அம்மா போன் பண்ணினால் அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசுவார், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. புரட்டாசி சனிக்கிழமை கூடலழகர் கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டார். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் முதலில் ஒட்டியது. எனக்கு மாரியாத்தா, அவருக்குப் பெருமாள். மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு பிரசாதமும் ஒரே தட்டில் இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். உடம்பில் கட்டி இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட்டு அனுப்புவார்கள். அக்கா அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெஷினில் சீவுவார். மெழுகு ரிப்பன் மாதிரி நீளமாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பார். கைநடுக்கம் இருந்தால் சுருங்கிவிடும். பிறகு நீலச் சாயம், ரோஸ் சாயம். அதைத்தான் டாக்டரம்மா ரோகிணி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதுவார்.

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில், "ஏ செல்லத்தாயி, தினம் தூக்கிட்டு வாரியே, உள்ள என்ன இருக்குன்னு ஒருக்க பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"என்னக்கா இது, சேலையில பூப்போட்ட மாதிரி?"

"சேலை இல்லத்தா. ஒரு ஆளோட தோலு. அடுக்கடுக்கா கட்டம் தெரியுதுல்ல? ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்லு. அதுக்கு நடுவுல நீலமா ஒரு பொட்டு இருக்கா? அதுதான் அதுக்கு வீட்டுப் பெரியவரு. என்ன சமைக்கணும், எப்ப ரெண்டா பிரியணும், எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ள எழுதியிருக்கு."

"இம்புட்டுக்கூண்டு பொட்டுக்குள்ளயா?"

"ஆமா. கண்ணுல இருக்கிற செல்லுக்கும் கால்ல இருக்கிற செல்லுக்கும் உள்ள எழுதியிருக்கறது ஒண்ணுதான். அதது தனக்கு வேண்டிய பக்கத்த மட்டும் படிக்கும். சதைச் செல்லு இழுத்துச் சுருங்கப் படிக்கும். தோல் செல்லு பக்கத்துல இருக்கறதோட கை கோத்து நிக்கப் படிக்கும். ஒரே மாதிரி செல்லெல்லாம் சேந்து நின்னா அதுதான் திசு. எங்கப்பா பாவு ஓட்டுறப்ப ஒரு இழை அறுந்தா தறிய நிறுத்திருவாரு. உடம்பும் அப்படித்தான். காயம் பட்டா பக்கத்துச் செல்லு பிரிஞ்சு பிரிஞ்சு வந்து ஓட்டைய மூடும். மூடினதும் நின்னுரும். நிக்கத் தெரியாத செல்லுதான் புத்து."

கோயிலில் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அன்றைக்கு உடம்பே ஒரு கோயிலாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது என் கையை நானே தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு பேர் உள்ளே வேலை பார்க்கிறார்களே, ஒருநாள்கூட நான் நன்றி சொன்னதில்லையே என்று இருந்தது. அப்படிச் சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

போன பங்குனி. முளைப்பாரிக்குக் காப்புக் கட்டியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் செக்கானூரணி நர்சிங் ஹோமில் ஒரு சாம்பிள் இருக்கிறது என்று அனுப்பினார்கள். போகிற வழியில் கோயிலில் இறங்கி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தீர்த்தம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன். நர்சிங் ஹோமில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண், முப்பத்து மூன்று வயது. மார்பில் கட்டி. வெட்டியெடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்ட மார்போடு கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அதுலதான் என் உசுரே இருக்கு. நல்லபடியா கொண்டுபோயிருங்க."

"ஆத்தா இருக்கா, பயப்படாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் கண் எரிந்தது. சாம்பிள் பாட்டிலின் மூடி சரியாகத் திருகாமல் ஃபார்மலின் ஒழுகி, மடியில் வைத்திருந்த கூடையெல்லாம் ஈரம். பக்கத்துச் சீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

கண்டக்டர் வந்தார். "என்னம்மா கூடைக்குள்ள? ஊரையே கொல்லப் பாக்குற?"

"மருந்துண்ணே."

"உனக்கு மருந்து, எங்களுக்கு விஷம். எறங்கு தாயி, அடுத்த வண்டியில வா."

நாகமலை புதுக்கோட்டையில் இறக்கிவிட்டார். நிழற்குடையில் உட்கார்ந்து சாம்பிள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. சுண்டுவிரல் நகம் அளவு இரண்டு துண்டு, ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. இப்படி ஆனால் என்ன செய்யவேண்டும் என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். 'எனக்குப் போன் போடு, இல்லாட்டி குடுத்த இடத்துலயே திரும்பப் போய் மருந்து ஊத்தி வாங்கு.' லேப்பிலிருந்து கொடுத்தனுப்பும் அந்தப் பாட்டில் மேலேயே அவர் கையெழுத்து இருந்தது: 'கொட்டக்கூடாது. தண்ணீர் ஊற்றக்கூடாது.' நான் அதைப் படித்தேன். எழுத்துத் தெரியாதவள் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

படித்தும் செய்தேன். எனக்குக் கண் எரிகிறதே, அந்தப் பெண்ணின் சதை இந்த எரிச்சலிலேயே கிடக்கவேண்டுமா என்று தோன்றியது. காப்புக் கட்டிய கையில் ஆத்தாளின் தீர்த்தம் இருக்கிறது. இதைவிடச் சுத்தம் எது? தமிழ்ச்செல்விக்கு நல்ல முடிவு வரட்டும் என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டு, மிச்ச மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன். பாட்டில் நிறைய மஞ்சள் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினேன். பெரிய புண்ணியம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.

லேப்புக்கு வரும்போது மணி ஏழு. பத்மாசினி அக்காவுக்கு அன்று அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். வரும் பாட்டிலை எல்லாம் திறந்து, மருந்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கும் கையை நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. நீங்க கெளம்புங்க, பொண்ணு வீட்டுக்காரவுகளே லேட்டா போனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, பாட்டிலை நானே அலமாரியில் வைத்தேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு, லேப் விடுமுறை. நல்ல வெயில். மஞ்சள் தண்ணீரில் ஒன்றரை நாள் கிடந்தது அந்தச் சதை.

திங்கட்கிழமை பாட்டிலைத் திறந்ததும் அக்கா ஒரு நிமிஷம் முகர்ந்து பார்த்தார். மற்ற சதையைப் போலத்தான் அதையும் பக்குவம் செய்தார். செவ்வாய்க்கிழமை சீவினார், சாயம் போட்டார். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பத்மாசினி, என்ன இது? இதுல நான் என்னத்தப் படிக்க? எல்லாம் அழுகிப் போயிருக்கு. யார் வாங்கி வச்சது?"

நான் துடைப்பத்தோடு வாசலில் நிற்கிறேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "செல்லத்தாய், வழியில எதுவும் ஆச்சா?"

"இல்லைங்கம்மா. குடுத்தபடியேதான் கொண்டாந்தேன்."

காப்புக் கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அந்தக் கையால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

பத்மாசினி அக்கா, "சனிக்கிழமை நான் திறந்து பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம். தப்புதான்" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இருபத்திரண்டு வருஷம்! நீங்களா இப்படி? அந்தப் பொண்ண மறுபடி வெட்டணும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவியதும் என்னை மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாரு. பொட்டு தெரியுதா?"

தெரியவில்லை. வெளுத்த ரோஸ் நிறத்தில் ஏதோ கரைந்து கிடந்தது. வீடு இடிந்து மண்மேடாகக் கிடக்கிற மாதிரி. கை கோத்து நின்ற ஒன்றையும் காணோம்.

"உடம்புல இருந்து பிரிஞ்சதும் செல்லுக்குச் சாப்பாடு நின்னுரும். செரிக்கிற தண்ணி அதுக்குள்ளயே சின்னச் சின்னப் பையில இருக்கும். பை கிழிஞ்சு, அது தன்னையே தின்னும். பச்சைத் தண்ணியில போட்டா இன்னும் மோசம். செல்லுக்குள்ள உப்பு இருக்குல்ல, அது தண்ணிய இழுக்கும். இழுத்து இழுத்து ஊதி, வெடிச்சுப் போயிரும். ஃபார்மலின் ஊத்தினா முட்டைய அவிச்ச மாதிரி இருந்த இடத்துலயே இருக்கும். எரியும், நாறும். ஆனா இருந்தது இருந்தபடி காட்டும்."

பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "சாமானைக் கழுவணும்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

தமிழ்ச்செல்வியை மறுபடி வெட்டினார்கள். இரண்டாவது சாம்பிளையும் நான்தான் வாங்கி வந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முடிவு புற்று என்று வந்தது. என்னால் சிகிச்சை மொத்தம் மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரத்தால் பெரிய கேடு இல்லை, ஆரம்ப நிலைதான் என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷன் ஆகி இப்போது நடமாடுகிறாள். ஆனால் தன் உயிர் ஒரு பாட்டிலில் இருக்கிறது என்று நம்பி அவள் தூங்காமல் கிடந்த அந்த நாட்களை நான் எந்தக் கோயிலில் போய்த் திருப்பிக் கொடுப்பேன்?

அக்காவுக்கு வந்ததையும் சொல்லவேண்டும். பைபாஸ் ரோட்டில் புதுக் கிளை திறக்க இருந்தார்கள். அங்கே திசுப் பிரிவுக்கு அக்காதான் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. அது வேறொருவருக்குப் போனது. இங்கேயும் அவர் வாங்கி வைக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் இன்னொருவர் திறந்து பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு. வேலை தெரியாத பிள்ளைகள் வந்து, "திறங்க மேடம், பாக்கணும்" என்பார்கள். அக்கா திறந்து காட்டுவார். நான் அதே அறையில் தரை துடைத்துக்கொண்டிருப்பேன்.

நாலு மாதம் இப்படி. வாரம் தவறாமல் விளக்குப் போட்டேன். அக்காவுக்காக வேண்டிக்கொண்டேன். ஆத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கவேண்டிய மனுஷியிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். 'பக்திமான் செல்லத்தாய்' என்று லேப்பில் ஒரு பேர் இருந்ததே, அது போய்விடும் என்ற பயம்தான் பெரிது.

ஆவணியில் அக்கா திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர ஏற்பாடாகிவிட்டது. கடைசி நாள் ரிஜிஸ்தரை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

டாக்டரம்மாவிடம் நான் பேசியது அன்று பத்தரை மணிக்கு. அவர் கேட்டு முடித்ததும் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா திரும்பி வர ஒப்பவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. சாம்பிள் வாங்கப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இப்போது லேப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேலி செய்வதில்லை. சாய்குமார் அண்ணன்கூட.

ஆனால் அதெல்லாம் பிறகு. பஸ் படியில் அக்கா ஒரு கால் வைத்திருந்தபோதுதான் என் வாய் திறந்தது. கூடை ஒழுகியது, நிழற்குடை, தீர்த்தம், நான் சொன்ன இரண்டு பொய், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். ஏறுகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அக்கா காலைக் கீழே வைத்து, கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"மஞ்ச வாசன அன்னைக்கே வந்துருச்சு செல்லத்தாயி. நான் திறந்து பாக்கல, அது என் பங்கு, சொல்லிட்டேன். ஒம் பங்க நான் எப்படிச் சொல்றது? எங்கிட்ட அழுது என்ன பண்ண, டாக்டரம்மா பத்து மணிக்கு வந்துருவாங்க. பஸ் எடுக்கற வரைக்கும் நீ நிக்க வேணாம். போ, போய் மாடி ஏறு."