நிறுத்து, கூப்பிடு, காத்திரு

வேலைக்கு ஆள் எடுப்பது பெண் பார்க்கப் போவதைவிடக் கேவலமான காரியம் என்று எங்கள் முதலாளியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்கப் போனாலாவது பஜ்ஜி கிடைக்கும். இங்கே வருகிறவர்களுக்கு நாமே டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் வருடக்கணக்காக வளர்த்த ஆசையை ஒரு மணி நேரத்தில் எடை போட்டு அனுப்ப வேண்டும். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லிடும்மா" என்பார்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், கீழே டயர் கடை, மேலே நாங்கள். சுற்றியிருக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். யார் வேலைக்கு வந்தார்கள், யார் எந்த ஷிப்ட், கேன்டீன் டோக்கன் எத்தனை என்று காட்டுகிற பக்கங்களும் செய்வோம். முதலாளியோடு சேர்த்து நான்கே பேர். அவர் முன்பு ஒரு கார் கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தவர், கோட் எழுதத் தெரியாது, ஆனால் மனிதரை எடை போடத் தெரியும் என்று நம்புகிறவர். பரீட்சை வைப்பது என் வேலை, முடிவு அவருடையது. எங்களிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டதால் ஒரு வெப் டெவலப்பர் அவசரமாக வேண்டியிருந்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் கேக் விற்றார்கள். பயிற்சி நிலையத்தில் ஒரே ஒரு மாதிரி கேக் கடை வெப்சைட்டைச் சொல்லிக்கொடுத்து, அதையே எல்லோருடைய பெயரிலும் போட்டு அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை அந்த மாதம் அதே சாக்லேட் கேக், அதே விலை. ஒருவனிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே, "இதுல நீ செஞ்சது இன்னாப்பா?" என்று கேட்டேன். "அந்த ஆர்டர் பட்டன் மேடம்" என்றான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பரீட்சை எளிமையானது. ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, உடைந்துபோன வருகைப் பதிவுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைப்போம். "இந்த ஃபைல் உங்களுது, இதைச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வோம். அந்த ஃபைலில் சில தப்புகள் இருக்கும். ஒரு பெரிய தப்பைப் பக்கத்து ஃபைலில் வேண்டுமென்றே வைத்திருப்போம். தானாகத் தேடிப்போய் அதைச் சரி செய்கிறார்களா என்று பார்ப்பதற்காக முதலாளி கண்டுபிடித்த தந்திரம் இது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாலும் கண் சிவந்திருந்தது. சங்கரன்கோவில் பக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம். இங்கே ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. சுங்குவார்சத்திரத்தில் மற்றப் பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தாள், அந்த அறைக்குப் பொதுவான ஒரு பழைய லேப்டாப்பில் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் கேக் விற்கவில்லை. அறையில் யார் எந்த ஷிப்ட், யார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விளக்குப் போடக்கூடாது என்று காட்டுகிற ஒரு பக்கம் செய்திருந்தாள். நிறம் கண்ணைப் பறித்தது, ஆனால் வேலை செய்தது.

"எந்த செக்ஷன்ல இருக்கே?" என்று முதலாளி கேட்டார்.

"பிரஸ்ல சார்" என்றாள். தகட்டை உள்ளே வைத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி வெட்டி வளைக்கிற இயந்திரம். "அம்மாகிட்ட பேக்கிங்னு சொல்லி வச்சிருக்கேன். பிரஸ்னு தெரிஞ்சா அழுதுட்டே இருப்பா."

"இந்த வேலை கெடைச்சா?"

"அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிருவேன் சார். இத்தனை நாளா அங்கதான் இருந்தேன், இப்ப இல்லன்னு."

சொல்லும்போது அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தாள். நான் விரல்களைப் பார்த்தேன். பிரஸ்ஸில் இருந்த யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும், அது என் வியாதி.

பரீட்சையை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அவளுக்குக் கொடுத்த ஃபைலில் இருந்த தப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. "பொண்ணு தேறும்போல" என்று முதலாளி டீயை உறிஞ்சினார். அப்புறம் அவள் பக்கத்து ஃபைலைத் திறந்தாள், உற்றுப் பார்த்தாள், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வலது கையை நேராக மேலே தூக்கினாள். பிறகு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா பண்ணுது அது? பாத்ரூம் போகணுமா?" என்றார் முதலாளி.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் அப்படிக் கை தூக்கியவள்தான்.

மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து நான் பிரஸ்ஸுக்குப் போன காலம் உண்டு. சேர்ந்த முதல் வாரம் இயந்திரத்தைத் தொடவே விடமாட்டார்கள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கும்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி வரிசையாக நிற்க வைத்து அதைச் சொல்ல வைப்பார்கள். நீ செய்யாத தப்பு ஒன்று கண்ணில் பட்டால், தகடு மாட்டிக்கொண்டால், சத்தம் மாறினால், முதலில் இயந்திரத்தை நிறுத்து. கையை உயரத் தூக்கி லைன் லீடரைக் கூப்பிடு. அவர் வரும்வரை எதையும் தொடாமல் காத்திரு. தெரிந்தவள் மாதிரி நீயே கை வைக்காதே. இதை ஒருமுறை உடம்புக்குள் ஏற்றிவிட்டால் இறங்காது. எனக்குக் கல்யாண வீட்டில் குக்கர் சத்தம் மாறினால்கூடக் கை தூக்கத் தோன்றும்.

என் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவள் வாலாஜாபாத்துக்காரி. என் வயசுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். கம்ப்யூட்டர் வகுப்பு என்ற யோசனையே அவளுடையது. "இன்னாடி, ஆயுசு பூரா தகடு தள்ளிகினே இருக்கப் போறியா?" என்று இழுத்துக்கொண்டு போய் என்னையும் சேர்த்துவிட்டாள். வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. அவள் விரல் கீபோர்டில் ஓடுவதைப் பார்த்து மாஸ்டரே நின்றுவிடுவார். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும்.

ஒரு மத்தியானம் அவளுடைய பிரஸ்ஸில் தகடு மாட்டிக்கொண்டது. அவள் நிறுத்தினாள். கை தூக்கினாள். லைன் லீடர் ஒருவர்தான், அவருக்கு இரண்டு லைன். அவர் வரவில்லை. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, "மறுபடியும் நிறுத்திட்டியா, இன்னிக்கு டார்கெட் உங்கப்பனா முடிப்பான்?" என்று கத்தினான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை இறக்கி, தகட்டை எடுக்க உள்ளே விட்டாள். இயந்திரம் நின்றுவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. தொழிலாளி விதியை மீறினார் என்று பலகைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டினார்கள். விதிப்படி அவள் நிறுத்தினாள், கூப்பிட்டாள், காத்திருந்தாள். வரவேண்டியவன் வரவில்லை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் ரத்தம் கொதிக்கிறது. அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை, நான் மட்டும் போனேன். இப்போது நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி அவள் ஆசைப்பட்டது. இதைச் சொல்லாமல் நான் என் வேலையைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் பேசக்கூடாது என்பது எங்கள் பரீட்சை விதி. நான் எழுந்து போனேன்.

"இன்னாமா?"

"மேடம், இந்த ஃபைல்ல தப்பு இருக்கு. இது எனக்குக் கொடுத்தது இல்ல. அதான் நிறுத்திட்டேன்."

"நீயே சரி பண்ணலாம்மா. பண்ணு."

"பண்ணலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கை வைத்தாள். சீக்கிரமே பக்கம் சரியாகத் திறந்தது. எனக்கு மனசு லேசானது. திரும்பிப் பார்த்தால் முதலாளி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

அவள் படி இறங்கிப் போனதும் சண்டை ஆரம்பித்தது.

"சார், அது பிரஸ் ஷாப் பழக்கம். கொஞ்ச நாள்ல போயிடும். எனக்குப் போச்சு."

"நீ சொன்னப்புறம்தானே பண்ணுச்சு. நாம நாலு பேரும்மா. கை தூக்கினா ஓடி வர்றதுக்கு இங்க எந்த லைன் லீடர் கீறான்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சமாதானமாக, "கம்ப்யூட்டர்தானே, கையையா வெட்டிடப் போவுது? அந்தப் பொண்ணு பாட்டுக்குப் பண்ணியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"என் பக்கத்துல நின்னவளுக்கு வெட்டிச்சு சார்" என்றேன். அதுவரை அவரிடம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

அவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். "மனசுக்குக் கஷ்டமாத்தான் கீது" என்றார். "ஆனா அடுத்த மாசம் ரெண்டு வேலை முடிச்சுக் குடுக்கணும். பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க உனக்கு நேரம் எங்க? இருந்தா சொல்லு, இப்பவே கூப்பிடுறேன்."

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட நான் ஆபிஸில்தான் இருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

காஞ்சிபுரத்துப் பையன் ஒருவனை எடுத்தார். அவன் பக்கத்து ஃபைலில் தெரிந்ததையெல்லாம் அழித்து, மாற்றி, எப்படியோ ஓட வைத்துவிட்டான். எப்படி என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. "துணிஞ்சவன்" என்றார் முதலாளி. இப்போது என் பக்கத்து மேசையில்தான் இருக்கிறான். நல்ல பிள்ளை, தினமும் எதையாவது உடைக்கிறான், தினமும் ஒட்ட வைக்கிறான்.

தேறாதவர்களுக்கு மெயில் அனுப்புவது வழக்கம். அவளுக்கு அனுப்ப மனசு வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"மேடம், கூப்பிட்டிருந்தீங்களே." குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சொன்னேன். சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது.

"சரி மேடம்" என்றாள். "என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிடுவேன்" என்றாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நடுவுல நிறுத்திட்டுக் கை தூக்கின இல்ல, அதான். நானும் பிரஸ்ல இருந்தவதான், எனக்குப் புரிஞ்சுது. சாருக்குப் புரிய வைக்க முடியல."

"நீங்களும் பிரஸ்ஸாக்கா?" மேடம் அந்த இடத்தில் அக்காவாகிவிட்டது. பிறகு நல்ல பிள்ளையாக, பாடத்தைத் திருப்பிச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "அப்ப நிறுத்தக்கூடாது, என்ன? யாரையும் கூப்பிட்டுட்டு உக்காந்திருக்காம, நானே கைய வச்சுச் சரி பண்ணிரணும். இன்னைல இருந்தே அப்படிப் பழகிக்கிடுதேன் அக்கா."

"வேணாம்" என்று நான் போட்ட சத்தத்தில் ஆபிஸே திரும்பிப் பார்த்தது. "அங்க மெஷின்ல கைய வெக்காத. யாரும் வரலன்னாலும் வெக்காத. எவன் திட்டினாலும் தூக்கின கைய இறக்காத. கேக்குதா?"

"கேக்குதுக்கா." குரல் பயந்துபோயிருந்தது. "அப்ப இன்டர்வியூல என்ன செய்யக்கா?"

அங்கே வைக்காதே, இங்கே வை என்று சொல்வது வாய்க்குச் சுலபம். கை ஒன்றுதான். காலையில் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மாதிரியும், சாயங்காலம் கீபோர்டில் வேறு மாதிரியும் அதைப் பழக்குவது எப்படி என்று எனக்கே தெரியாது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அங்கே மணி அடித்தது.

"பெல் அடிச்சுட்டுக்கா. போனை உள்ள வைக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு இடங்களுக்கு அவளைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். ஒன்றிலும் அமையவில்லை. எப்போதாவது மெசேஜ் அனுப்பினால், "பத்து விரலும் பத்திரமா இருக்குக்கா" என்று சிரிக்கிற படத்தோடு பதில் வரும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் அம்மாவுக்கு அவள் இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள்.