பட்டப்பெயர் விட்டுப்போன போஸ்டர்

எங்கள் ஊரில் யாராவது செத்தால் சுவரில் போஸ்டர் ஒட்டுவது என் வேலை. கீழ்வாசலில் ஆரம்பித்து, மதிலோரமாக ஏறி, மாதா கோவில் சுவர், மதுக்கடைச் சந்து என்று உச்சிவரை பதினோரு இடம். எங்கள் ரோக்காபெர்னா, குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிற ஊர். திராட்சைத் தோட்டங்களைப் படமெடுக்க வருகிற ஜெர்மன்காரர்களுக்கு இது சொர்க்கம். பசைவாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு மூட்டுவலி.

இங்கே பாதிப் பேர் பெர்த்தேரோ குடும்பம். அதனால் போஸ்டரில் பெயருக்குக் கீழே பட்டப்பெயரும் இருக்கும், இல்லாவிட்டால் யார் போனதென்று தெரியாது. அந்தத் திங்கட்கிழமை வந்த போஸ்டரில் அது இல்லை. ‘ஒத்தாவியோ பெர்த்தேரோ, வயது 78, அடக்கம் புதன் மூன்று மணி’, அவ்வளவுதான். செத்தவர் இங்கே பிறந்து, வாலிப வயதிலேயே டூரினுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். ஊரில் அவரை ‘ஆட்டுக்குட்டி’ என்பார்கள். அதைப் போடக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாளாம், கௌரவம். எனக்கு விஷயம் தெரியும். ஆனால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

மூன்றாவது போஸ்டரை ஒட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“டேய் கஸ்பாரே, நான் எப்படா செத்தேன்?”

எங்கள் ஊரில் மிச்சமிருந்த ஒத்தாவியோ பெர்த்தேரோ. அதே வயது. பட்டப்பெயர் பீப்பாய்.

“நேத்துண்ணே. டூரின்ல.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்திருக்கலாம் நான்.” சிரித்தார். பிறகு போஸ்டரையே வெகுநேரம் பார்த்தார். “இதைப் பாத்தா ஊரு என்னைத்தானே நினைக்கும்?”

“பேனா இருக்கு. பீப்பாய் இல்லன்னு கீழ எழுதிடறேன்.”

“எழுதாதே. புதன்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. அவ வர்றாளான்னு பாக்கணும்.”

எவள் என்று நான் கேட்கவில்லை. ஊரே அறிந்த கதை அது. ஒத்தாவியோ கொக்கு மாதிரி ஒல்லி. பெரிய ஒயின் பீப்பாய்களின் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து தேய்த்துக் கழுவ அவரைப் போல ஆள் கிடையாது. நாற்பது வருஷம் அதே வேலை. இருபத்தேழு வயதில் செகொந்தினாவோடு நிச்சயதார்த்த விருந்து. முப்பது பேர் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த அன்யோலொத்தி தட்டில் ஆறி, மாப்பிள்ளையைக் காணோம். சாயங்காலம் ஒரு பீப்பாய்க்குள்ளிருந்து இழுத்தெடுத்தார்கள். கழுவும்போது தூங்கிவிட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை யார் பீப்பாய் கழுவுவார்? கல்யாணப் பயம். ஊர் விழுந்து விழுந்து சிரித்துப் பெயரும் வைத்தது. செகொந்தினா சிரிக்கவில்லை. பிறகு தபால்காரனைக் கட்டிக்கொண்டாள், அவனும் போய்ச் சேர்ந்தான். ஐம்பத்தொரு வருஷமாக ஒத்தாவியோவோடு ஒரு வார்த்தை கிடையாது.

இவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தினம் காலையில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவார். அவள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகும். வெளியூர்க்காரர்கள் அவரை நிறுத்திப் படமெடுப்பார்கள். எத்தனை ஜெர்மன் வீடுகளில் இருக்கிறாரோ, அவர் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். செவ்வாய்க்கிழமை ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மதுக்கடையில என்ன பேசிக்கறாங்க?”

“எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்ணே.”

அங்கே “பாவம் பீப்பாய்” என்று ஒரு தடவை சொன்னார்கள். அடுத்த சீட்டு போடுவதற்குள் ஜன்னலோரத்து அவர் நாற்காலி யாருக்கு என்று சண்டை வந்துவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை மூன்று மணிக்குக் கோவிலில் டூரின் மகளும் மருமகனும் முன்வரிசையில் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் பதினைந்து பேர், யார் இந்தப் பெண் என்று முழித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்தாவியோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சின் மூலையில் ஒடுங்கியிருந்தார். பூசை தொடங்குகிற நேரத்தில் செகொந்தினா வந்தாள். கறுப்புக் கோட்டு. யாரையும் பார்க்காமல் நேரே பெட்டியிடம் போய் அதன்மேல் கையை வைத்தாள். பெட்டியருகே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

“போயிட்டு வா ஒத்தாவியோ. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லை.”

கடைசிப் பெஞ்சில் இருந்தவருக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டார். யாரோ “ஐயோ மாதாவே!” என்று அலறினார்கள். பாதிரியார் புத்தகத்தைக் கீழே போட்டார்.

“செகொந்தினா,” என்றார் ஒத்தாவியோ. “வந்துட்டியே.”

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“எல்லார் முன்னாடியும் மறுபடி ஒரு தடவை என்னைக் கேலிப்பொருளாக்கிட்டே. ஒளிஞ்சு வேடிக்கை பாத்தியா?” குரல் உயரவே இல்லை. “நல்லாக் கேட்டுக்கோ. உன் சாவுக்கு வந்தாச்சு. இனி வரமாட்டேன்.”

போய் டூரின் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, முகம்கூட மறந்துபோன ஆட்டுக்குட்டிக்காகப் பூசை முடியும்வரை இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஒத்தாவியோ என்னைப் பிடித்துக்கொண்டார். பெட்டியிடம் அவள் என்ன சொன்னாள்? சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொன்னார். “போய்க் கதவைத் தட்டுங்கண்ணே, மன்னிப்புக் கேளுங்க,” என்றேன். தலையாட்டினார். இரண்டு நாள் காலையில் அவள் வாசலில் நின்று கையைத் தூக்கியதை நானே பார்த்தேன். தட்டவில்லை. அவர்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என்மேலும்தான். திங்கட்கிழமையே அந்தப் பேனாவை எடுத்திருக்கலாம்.

பிப்ரவரியில் நிமோனியா வந்து நாலே நாளில் போய்விட்டார். பதினோரு போஸ்டரிலும் பட்டப்பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். அவள் வீட்டெதிரே ஒட்டும்போது செகொந்தினா வெளியே வந்தாள்.

“இந்தத் தடவை நிஜமா?”

“நிஜம்தான்க்கா.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

திரும்பிப் பார்த்துச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடக்கத்துக்கு ஏழு பேர் இருந்தோம், பாதிரியாரையும் சேர்த்து. நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. வந்தாளா என்று கேட்க அவர் இல்லை. கேட்டிருந்தால், வந்தாள் என்றுதான் சொல்லியிருப்பேன்.