பிள்ளைக்காம்பராவில் லேசான வேலை

நான் மாசமாக இருப்பது தெரிந்ததும், மலையில் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று தேயிலைத் தோட்டத்தில் எங்களை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னைக் கொழுந்தெடுப்பதிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளின் எச்சிலும் மூத்திரமும் துடைத்தேன்; அவர்கள் மிச்சம் வைத்த சோற்றையும் வீணாக்காமல் தின்றேன்.

ஐந்தாம் மாதம் கிளினிக்கில் டாக்டரம்மா, "சின்னப் பிள்ளைங்க எச்சில்ல, மூத்திரத்துல ஒரு கிருமி இருக்கலாம். அது தொத்தினாலும் உங்க உடம்புல ஒண்ணும் காட்டாது. வயித்துப் பிள்ளைக்குக் காது போகலாம், பொறந்து சில வருஷம் கழிச்சுக்கூட. சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க" என்றார்.

கண்டாக்கு ஐயாவிடம் சவுக்காரம் கேட்டேன். "லேசான வேலைதானே குடுத்திருக்கோம், இன்னும் என்ன வேணும்?" என்றார்.

இப்போது மகளுக்கு ஆறு மாதம். தினமும் அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டுகிறேன். திரும்பிப் பார்க்கிறாள். நாளைக்கும் தட்டுவேன், அவர் கொடுத்த லேசான வேலை இன்னும் முடியவில்லை.