மறக்கிற மிஷினும் மறக்காத மிஷினும்

எண்பதுகளில் சேலத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் நானும் என் அக்காவின் கணவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அங்கே இரண்டு ஸ்பெக்ட்ரம் அனலைசர்கள் இருந்தன. காற்றில் வருகிற ரேடியோ அலைகளில் எது எவ்வளவு பலம் என்று திரையில் முள்முள்ளாகக் காட்டும் கருவி அது. பழையது மச்சான் கட்சி. தூக்க இரண்டு ஆள் வேண்டும், சூடேறவே அரைமணி, பச்சைக் கோடு எழுந்ததும் மங்கிவிடும். புதியது என் கட்சி. அலைவரிசையை எண்ணாகவே சொல்லும். வந்துபோன முள்ளைக்கூட அழியாமல் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு.

"அது எந்திரிச்சுச் சோம்பல் முறிக்கறதுக்குள்ள பொழுது போயிருங்க மச்சான்," என்பேன்.

"உன்ற மிஷினு வேகமாத்தான் பேசுது மாப்ள, உன்னாட்டவே."

மச்சானின் பங்காளி ஒருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின்போது தெருவில் இருந்த டிவிகளிலெல்லாம் சாய்வாகக் கோடு விழுந்தது. வெல்டிங்தான் காரணம், ஞாயிறு மாலை வேலையே கூடாது என்றார் அடுத்த வீட்டு ஆசிரியர். தெருவும் ஆமாம் போட்டது. பட்டறைக்காரருக்கோ வருகிற திங்கட்கிழமை காலை ஒரு லாரியைக் கொடுத்தாக வேண்டும். "நீங்கதான் வந்து பாக்கோணும்," என்றார். இரண்டு கருவிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, படம் ஓடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பட்டறைக்காரர் கொஞ்சம் வெல்டிங் வைத்துக் காட்டினார். என் திரையில் முள்காடு.

"வெல்டிங்குதானுங்க," என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

மச்சான் என் திரையைப் பார்த்தார். "மாப்ள, முள்ளு இன்னும் நிக்குது. அவரு கையில இப்ப காப்பி டம்ளருதான இருக்குது?"

நிறுத்திவைக்கும் பொத்தானை நான் அணைக்கவே இல்லை.

அதற்குள் பழையது சூடேறியிருந்தது. வெல்டிங் இல்லாதபோதும் அதில் டிவி நிலையத்தின் முள்ளைத் தவிர இன்னொரு முள் நின்று ஆடியது.

"எந்த அலைவரிசைங்க மச்சான்?"

டயலைத் திருகிக் குனிந்து பார்த்தார். "டிவி பக்கத்துலதான். ஏறக்குறைய."

"ஏறக்குறையவா?"

பொத்தானை அணைத்துவிட்டு என்னுடையதில் பார்த்தேன். முள் டிவி சேனலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஏரியலை ஆசிரியர் வீட்டு மாடிப் பக்கம் திருப்பினால் இன்னும் உயர்ந்தது. தூரத்து மெட்ராஸ் நிலையம் தெரிய வேண்டும் என்று மாடி ஏரியலில் மாட்டிய பூஸ்டரை, பக்கத்திலேயே ரிலே நிலையம் வந்த பிறகும் அவர் கழற்றவில்லை. வருகிற அலையைப் பெருக்க வேண்டிய அது, தானே சொந்தமாக அலை விட்டுக்கொண்டிருந்தது.

ஆசிரியர் அரை மனதோடு பூஸ்டரை அணைத்தார். கோடு போய்விட்டது.

பட்டறைக்காரர் வாசலில் நின்றபடி, "அப்ப நான் பத்த வெக்கட்டுங்களா வாத்தியாரே?" என்றார்.

வைத்தார். படத்தில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் பொரிந்தது. ஆசிரியர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்லீங்க. படத்துலயும் இப்ப மழதான் பேயுது."