கழிவறையை மந்திரிக்க வந்த சாமியார்

அக்காவுக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று டாக்டர் என்னிடம் சொன்னது பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து இருபதுக்கு. எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியின் நடைபாதையில் நின்றுகொண்டு சொன்னார். அக்கா உள்ளே கட்டிலில் இருந்தாள். அவளிடம் தானே சொல்லட்டுமா, அல்லது நான் சொல்லிவிடுகிறேனா என்று கேட்டார். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

நான் ரப்பர் தோட்டத்துக் கிராணி; ஆட்களின் வரவையும் கூலியையும் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஒரு வேலையைச் செய்கிறேன் என்றால் செய்துவிடுவேன் என்று பெயர் உண்டு. தினமும் மாலை ஏழு மணிக்கு நாட்குறிப்பு எழுதுவேன். அன்று எழுதியது: 'அக்காவிடம் சொல்ல வேண்டும்.' மறுநாள்: 'சொல்லவில்லை. வெயில் அதிகம்.' அதற்கு மறுநாள்: 'சொல்லவில்லை. அக்கா மீன்குழம்பு கேட்டாள். சாப்பிடும்போது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.' இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரே காரணம் இரண்டு முறை வரக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நான் கிராணியாக இருந்த அதே தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். கணவர் இறந்தபின், திகாம் பத்துவில் நான் வாங்கியிருந்த சின்ன வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்தாள். வயிற்றில் புண் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். பார்க்க வருகிறவர்கள் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவருவார்கள். நான் வாசல் கேட்டிலேயே அவர்களை நிறுத்தி, "புண்ணு. புண்ணுன்னே சொல்லுங்க" என்று சொல்லி உள்ளே அனுப்புவேன். ஒருவர் மறந்துபோய் "வாயுக் கோளாறெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று ஆறுதல் சொல்லிவிட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புண்ணுல்ல சொன்னாங்க? எதுக்கும் என் தம்பியக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். இதை நான் வெகுளித்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் இப்படிப் போனபின் என் மனைவிக்கு வேறு கவலை வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். சாகக் கிடக்கிறவருக்குக் கோவில் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கை எங்கள் பெரியவர்கள் அவஸ்தைபூசுதல் என்பார்கள். அதன் பெயரை நோயில்பூசுதல் என்று மாற்றி, இது சாவுக்கல்ல, சுகத்துக்கு என்று சாமியார்கள் பல வருடமாகப் பிரசங்கம் வைத்தும் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. எண்ணெய் பட்டால் மூன்று நாள் என்பது அங்கே சட்டம். என் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். நான் அறிந்து எண்ணெய் பூசப்பட்டவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் எழுந்து நடமாடினார்கள். அதில் ஒருவர் இரண்டாம் கல்யாணமும் செய்துகொண்டார். ஆனால் மூன்று நாளில் போன இரண்டு பேரைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"எண்ணெ பூசாம அண்ணி போயிட்டா அந்தப் பாவம் நம்ம தலையிலதான்" என்றாள் மனைவி. "ஆனா சாமியார் சும்மா வந்து நின்னா அண்ணிக்கு வெளங்கிரும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"தீர்த்தம் தெளிச்சு வீடு மந்திரிக்க வந்தாருன்னு சொல்லுவோம்."

"வீடு வாங்குனப்பவே மந்திரிச்சாச்சு. அக்காதான் பக்கத்துல நின்னு மெழுகுவத்தி பிடிச்சுச்சு."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப புதுசா எதையாவது கட்டுங்க."

ஆக, அக்கா சாகப்போகிறாள் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாததால் நான் ஒரு கழிவறை கட்டினேன். தேவையும் இருந்தது. பின்கட்டில் இருந்தது குந்தி உட்காரும் வகை. அக்காவால் குந்த முடியவில்லை. அவள் அறையை ஒட்டி, நாற்காலிபோல உட்காரக்கூடிய ஒன்றைக் கட்டி, அதை மந்திரிக்கச் சாமியாரைக் கூப்பிட்டு, வந்த இடத்தில் 'சுகமில்லாதவருக்கும் ஒரு ஜெபம்' என்று எண்ணெயைப் பூசிவிடுவது எங்கள் திட்டம். வேலை நான்கு வாரம் என்று போட்டு, நாட்காட்டியில் கட்டம் வரைந்தேன்.

கட்ட வந்தவர் ஒரு சீனர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'அக்கா'. அக்கா குசினியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை செய்தாள். முதல் நாளே அவர் சிமெண்டைக் கலக்கிக்கொண்டே, அவள் எதிரிலேயே, மலாயில் என்னிடம் சத்தமாகக் கேட்டார்: "இந்த அக்கா சாகப்போகிறதா?"

வயிற்றில் புண் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சிமெண்டைக் கலக்கினார்.

"என்னடா கேக்குறான்?" என்றாள் அக்கா.

"தரைக்கு என்ன கலர் ஓடுன்னு கேக்குறாரு."

"ஓ. அப்ப பச்சைன்னு சொல்லு."

அக்கா என்னைவிட நன்றாக மலாய் பேசுவாள். வாராவாரம் சந்தையில் விலை பேசி என்னை மானக்கேட்டுக்கு உள்ளாக்கியவள் அவள். அது ஏன் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை என்பதற்கு நாட்குறிப்பில் விளக்கம் இல்லை. 'பச்சை ஓடு' என்று மட்டும் இருக்கிறது.

வேலை கட்டத்துக்குள் நிற்கவில்லை. பச்சை ஓடு பக்கத்து டவுனான குருணில் கிடைக்கவில்லை. பிறகு அவர் ஒரு வாரம் காணாமல்போனார். வருடத்துக்கு ஒரு முறை தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்து சாப்பாடு படைக்க வேண்டுமாம். செத்தவருக்காக ஒரு வாரம் விடுமுறை எடுக்கிறார், இங்கே ஒருத்தி சாகக் கிடக்கும்போது என்று எனக்குக் கோபம் வந்தது. அதை அவரிடம் சொல்லவும் முடியாது. அக்காவுக்குப் புண்தானே?

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, மாலை நாலரைக்குச் சாமியார் வந்தார். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து நின்றுகொண்டார். அவர்கள் முருக பக்தர்கள்.

"ஏங்கா, கக்கூசுக்குமா பூசை போடுவீங்க?" என்று கேட்டார் அவர். "நாங்க வீட்டுக்குப் பால் காய்ச்சுவோம். இதுக்கு என்னத்தக் காய்ச்சுறது?"

"எங்க சாமி மாட்டுக் கொட்டாயில பொறந்தவருலா" என்றாள் அக்கா. "அவருக்கு இதெல்லாம் ஒரு எடமா? வருவாரு, நீ தள்ளி நில்லு."

சாமியார் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து முறைப்படி ஜெபித்து, நான்கு சுவர், தண்ணீர்த் தொட்டி, உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் தெளித்தார். பிறகு நான் அவரைக் குசினிப் பக்கம் அழைத்துப்போய், "சாமி, எண்ணெ கொண்டாந்திருக்கீங்களா? அக்காவுக்குத் தெரியாம பூசணும்" என்றேன்.

அவர் அக்காவின் அறைக் கதவைப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா நீங்க நேராவே கேட்டுட்டீங்க. நான் என்ன செய்யிறது? உங்க அக்காவுக்குப் பூசி ஆறு வாரம் ஆச்சு."

செவ்வாய்க்கிழமைகளில் நான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உள்ளே உட்காரவைத்துவிட்டு மருந்துக்காக வரிசையில் நிற்பேன். அந்த நேரத்தில் அவர் நோயாளிகளைப் பார்க்க வருவாராம். அக்காவே கூப்பிட்டுக் கேட்டாளாம்.

"ஏன் சாமி என்கிட்ட சொல்லல?"

"என் தம்பி எல்லாத்துக்கும் கணக்குப் பாக்குற ஆளு, தெரிஞ்சா அன்னையிலேருந்து நாளை எண்ண ஆரம்பிச்சிருவான், பாவம், பயந்துருவான்னு சொன்னாங்க."

நான் போய் மார்ச் மாதப் பக்கங்களைப் புரட்டினேன். இருந்தது. 'செவ்வாய். மருந்துக்கு நாற்பது நிமிடம். அக்கா நெற்றியில் எண்ணெய் வழிந்தது. என் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டேன்.'

சாமியாருக்கு மனைவி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவின் அறைக்குப் போனேன். அவள் புதுக் கழிவறையில், மூடியின் மேல் சேலையோடு உட்கார்ந்து, ஆடுகிறதா என்று அப்படியும் இப்படியும் சாய்ந்து சோதித்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். வேறு இடம் பார்த்திருக்கலாம்தான். ஆனால் இன்னொரு நாள் தள்ளிப்போட்டால் எழுதுவதற்குக் காரணம் மிச்சம் இல்லை.

"அக்கா, டாக்டர் சொன்னது புண்ணு இல்ல."

"ம்."

"மூணு மாசம்னு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டு மாசம் ஒம்பது நாள் ஆச்சு."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். "அப்ப இருவத்தோரு நாளு. இதச் சொல்லவாடா வீட்ட இடிச்ச?"

எனக்குச் சொல்ல இன்னொன்று இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன், நான் கல்யாணமாகாமல் அவள் வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு அக்கா ஏழு நிமிடம் தாமதமாக வந்தாள். எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்து முடித்திருந்தார்கள். நான் அவளுக்கு 'வரவில்லை' என்று குறித்து, எல்லார் முன்பும் திருப்பி அனுப்பினேன். கிராணியின் அக்கா என்றாலும் விதி விதிதான் என்று காட்ட வேண்டியிருந்தது. அன்று எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்து என்னை நேரத்துக்கு அனுப்பிவிட்டு வந்ததால்தான் அவளுக்குத் தாமதம். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

பேசினேன். வாக்கியம் நடுவில் நின்று நின்று வந்தது.

"அதுவா?" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனேன்டா. முப்பது வருசத்துல மழையால வேலை நிக்காத நாள்ல தூங்குனது அது ஒண்ணுதான். எந்திரிச்சு மிச்ச தோசைய நான் தின்னப்பதான் கோவம் வந்துச்சு. அதுவும் சட்டினியோட போயிருச்சு."

"நீ போறது எனக்குப் பிடிக்கல அக்கா."

"எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா?" என்றாள். அவள் கண்ணும் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, சொல்லிட்டல்ல? எந்திரிக்கணும், கை குடு" என்றாள். கையைப் பிடித்துத் தூக்கினேன். தூக்குவதற்கு அவளிடம் எடையே இல்லை.

விடைபெறுதல் என்பது அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தொரு நாளும் கழிந்தது. மறுநாள் காலை அக்கா கேட்டாள்: "இன்னைக்கு என்ன தேதி?"

"பதினாறு."

"டாக்டர் கணக்குக்கு?"

"நேத்து."

"மன்னிச்சுக்கடா தம்பி. உன் பக்கத்தக் கெடுத்துட்டேன்."

சாலையோரம் நின்று ஒருவரை வழியனுப்பி, கட்டிப்பிடித்து அழுது முடித்தபிறகு பஸ் வராமல்போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எங்களுக்கு. பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது. பஸ் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தோம். வேறு வழியில்லாமல் சாதாரணமாகப் பேசத் தொடங்கினோம். அக்கா மட்டும் உண்மை வெளிவந்துவிட்ட வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டாள். "சாகப்போறவளுக்கு ஒரு ஐஸ் கச்சாங் வாங்கித் தரக்கூடாதா?" என்பாள். மனைவி காதைப் பொத்திக்கொள்வாள். பாகு ஊற்றிய அந்த ஐஸ் துருவலை வாங்கிவந்தால் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "சீனி பத்தல. அடுத்த வாரம் வேற கடையில வாங்கு" என்பாள். அடுத்த வாரம் என்று ஒன்று இருப்பதாக அவள் சொன்னது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. புண் ஆறிவிடும் என்று சொல்ல வந்தவர்களிடம், "அது ஆறாது, நான் கெளம்பிட்டேன். நீ நல்லா இரு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினாள். பலர் ஆரஞ்சைக் கூடக் கொடுக்க மறந்து ஓடினார்கள்.

அப்படி ஐந்து வாரம்.

கடைசி நாள் ஒரு புதன்கிழமை. பெரட்டுக்குக் கிளம்பியபோது மணி ஐந்து. அக்கா விழித்திருந்தாள். "கக்கூசுக் கதவ சாத்திட்டுப் போடா, கொசு வருது" என்றாள். சாத்திவிட்டுப் போனேன். எட்டே காலுக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. காப்பி கொண்டுபோனபோது அக்கா தூங்குவதுபோல இருந்ததாக மனைவி சொன்னாள்.

வந்தவர்கள் அழுது முடித்ததும் ஒன்றையே கேட்டார்கள்: "கடைசியா என்ன சொன்னாங்க?" முதலில் கேட்டவரிடம் கொசுவைப் பற்றிச் சொன்னேன். அவர் இன்னும் ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தார். அடுத்தவர் கேட்டபோது மனைவி முந்திக்கொண்டு, "ஏசு மரி சூசைன்னு சொன்னாங்க" என்றாள். மத்தியானத்துக்குள் அது மூன்று முறை சொன்னதாக ஆயிற்று. மாலையில் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

மறுநாள் அடக்கப்பூசையில் சாமியார் அதைப் பிரசங்கத்திலும் சேர்த்துக்கொண்டார். வெளியே வண்டியில் பெட்டியை ஏற்றும்போது என் தோளைத் தொட்டு, "நல்ல மரணம். திருநாமங்களைச் சொல்லிக்கிட்டே போயிருக்காங்க" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வேலையை நான் ஏற்கெனவே ஒன்பது வாரம் செய்து பார்த்தாயிற்று.

"இல்ல சாமி. கக்கூசுக் கதவ சாத்து, கொசு வருதுன்னாங்க."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்படின்னா காலையில வலி இருந்திருக்காது" என்றார். "கொசு கடிச்சது தெரிஞ்சிருக்கே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வலியைப் பற்றிக் கேட்காமல் போனோமே என்றுதான் முந்தின நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியது. மனைவி பின்னாலிருந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சாமியார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கொசுன்னு சொன்னேன்."

"ஐயோ" என்றாள், அழுதுகொண்டே. "மானத்த வாங்கிட்டீங்களே."