மூன்றாம் தீவு ராணிக்கு நாங்கள் கும்பிட்ட பதினாறாம் நாள்

போன மாதம் செமாபோக்கில் ஒரு மண்டபத்தில் புத்தக விழா நடந்தது. எட்டுத் தீவுக் கதையை மறுபடியும் அச்சுப் போட்டிருக்கிறார்கள். பதினாறு பாகம். என் மகள் காரில் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் கண்ணாடி போட்ட ஒருவர், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வழி சொல்லுகிறேன் என்று ஆரம்பித்தார். முதல் பாகத்தில் இருக்கிற ராஜ வம்சத்தை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமாம். நோட்டில் தீவுகளை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதோடு விட்டாரா? "பெண்கள் ஏழாம் பாகத்திலிருந்து பதினொன்று வரை புரட்டிவிட்டுப் போகலாம், அதெல்லாம் வெறும் சண்டை" என்றார். சபையில் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டேன். மகள் கையைப் பிடித்து, "அம்மா, சாப்பாடு போடுறாங்க, இருந்து சாப்பிட்டுப் போலாம்" என்றாள்.

"அந்த ஆளு பேச்சக் கேட்ட பிறகு எனக்குச் சோறு எறங்காது. வண்டிய எடு" என்றேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். இதுவரை எழுதியதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆகட்டும். அவசரக்காரர்களுக்கு அந்தக் கதை எப்படியும் சரிப்படாது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தக் கதையை இன்னொருவர் வாயால் கேட்காதீர்கள். உங்கள் கண்ணால் படியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் வாங்குவதற்கு, இரண்டு வருஷம் முன்னால், காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு முனிசிபலில் ரோட்டு வேலை. நான் அம்மியில் மசாலா அரைத்து வீடுகளுக்குக் கொடுப்பேன். மீன் கறிக்கு ஒன்று, ஆட்டுக் கறிக்கு ஒன்று என்று உருட்டி வாழை இலையில் மடித்துக் கொடுப்பேன். சந்தில் பாதி வீட்டுக் குழம்பு என் கையால் அரைத்ததுதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் அதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் சந்தில் ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதிய கிராணி ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே வரமாட்டார். கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கும் எட்டுத் தீவுப் புத்தகங்களை ஊர்ப் பொதுவில் வாங்கி, கோயில் கூடத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். சாவி அவரிடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ஆண்கள் முன்னால் பாயில் உட்காருவார்கள். பெண்கள் பின்னால், பாதிப் பேர் கீரை ஆய்ந்துகொண்டு, நான் பூண்டு உரித்துக்கொண்டு. நல்ல குரல் அவருக்கு. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். பறவைத் தலை மந்திரவாதி பேசும்போது கைப்பிள்ளைகள் அழும்.

எங்களுக்கெல்லாம் மூன்றாம் தீவு ராணிதான் உயிர். புருஷன் தூக்க மருந்தில் விழுந்து கிடக்க, தோளில் ஒற்றைக்கால் கிளியோடு தனியாகத் தீவை ஆளுகிறவள். ஆறாம் பாகத்தில் மந்திரவாதி அவளை நெருப்பு வளையத்துக்குள் தள்ளுகிறான். "ராணி சாம்பலானாள். அவள் தம்பி வாளை எடுத்தான்" என்று படித்துவிட்டுக் கிராணி புத்தகத்தை மூடினார். பிறகு ஒருத்தி தேம்பினாள். அவ்வளவுதான், எல்லாரும் அழுதோம்.

அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெற்றவளுக்கு அழுத மாதிரி அழுதேன். இன்னொன்றும் செய்தோம். இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். சந்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ராணிக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டோம். பிள்ளை இல்லாமல் போனவள், அவளுக்கு யார் செய்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அந்த வார்த்தைக்கு மேல் யோசிக்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. வடை, பாயசம், அப்பளம், ஐந்து வகைக் கறி. ஒரு புதுச் சேலையும் மடித்து வைத்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி வீட்டு அக்கா இருந்தாள். பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள், அவர்களுக்குத் தமிழ் பேச வராது. சாமி கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதையை நான் திங்கட்கிழமை வேலியோரம் நின்று மலாயில் அவளுக்குச் சொல்லிவிடுவேன். செத்தவர்களுக்குச் செய்வதில் அவள் வீட்டைப் போல ஒழுங்கை நான் பார்த்ததில்லை. முன்னோருக்கு வருஷம் தவறாமல் பார்ச்சு என்று படையல் வைப்பார்கள், இலை போடுவதற்கும் ஒரு முறை உண்டு. அவள்தான் வந்து எங்கள் இலையைத் திருப்பிப் போட்டாள். தட்டு நிறையப் பலகாரமும் கொண்டுவந்தாள்.

கிராணியும் வந்தார். இலையில் உட்கார்ந்தார். வடை கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். "ராணி ஆத்மா குளுந்திருக்கும்மா" என்றார். இதை மறக்காதீர்கள். நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயத்தில், பூச்சி பிடிக்காமல் இருக்கப் புத்தகங்களை எல்லாம் கோயில் வாசலில் பாய் விரித்து வெயிலில் வைத்திருந்தார்கள். அக்காவும் நானும் அந்த வழியாகப் பசாருக்குப் போனோம். அவள் நின்றுவிட்டாள். ஒன்பதாம் பாகத்தின் அட்டையைக் காட்டினாள். கறுப்புக் குதிரை மேல் ஒருத்தி, கையில் ஈட்டி, தோளில் ஒற்றைக்கால் கிளி.

"இது உன் ராணி இல்லையா?" என்று மலாயில் கேட்டாள்.

"அவதான் செத்துட்டாளே. இது வேற யாரோ."

"கிளியைப் பாரு. கிரீடம் ஒரு பக்கம் ஒடிஞ்சிருந்தாலும் அதே கிரீடம். முதல் புத்தகத்துலயும் இதே பொம்பளதான்." பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "சுடா மாத்தி, அப்பா பாசால் காம்பார் அடா? செத்துப்போயிருந்தா எதுக்குப் படம்? உயிரோட இருக்கறவளுக்கா என்னை இலை போட வெச்ச?"

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பயந்துபோய்விட்டாள். இரண்டு நாள் வேலிப் பக்கமே வரவில்லை. நான் கூடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து கேட்டவள். ஓர் எழுத்துத் தமிழ் தெரியாத அவள் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்னிடம் அதிக நேரம் தங்காது, கோபமாகிவிடும்.

கிராணியிடம் போனேன். "ஐயா, ஒம்பதாம் பாகத்து அட்டையில இருக்கறது யாரு?"

பேனாவை எடுத்துத் திரும்பச் சொருகினார். "அது ராணியோட தங்கச்சிம்மா."

"ராணிக்குத் தங்கச்சி இருக்குன்னு நீங்க ஒருநாளும் படிக்கலயே."

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா என்ன?"

"இருக்கு. ஆறாம் பாகத்தக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்."

சிரித்தார். "குடுத்தா? தலகீழா வச்சிப் படிப்பியா?"

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரை படித்தவள் நான். தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட நிறுத்திவிட்டார்கள். எழுத்து கொஞ்சம் மறந்திருந்தது, முழுவதும் மறக்கவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன? வீட்டுக்கு வந்தேன். அன்றையிலிருந்து கிராணி வீட்டுக்கு மசாலா இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

என் வீட்டுக்காரர், "கதைதானே புள்ள, விடேன்" என்றார்.

"உங்களுக்குக் கதை. எனக்கு நான் அழுத அழுகை" என்றேன்.

கிராணி வீட்டில் கடைத்தூளைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். பத்து நாள் தாங்கினார்கள். பதினோராம் நாள் மத்தியானம் கிராணியின் சம்சாரம் காலி மசாலாக் கிண்ணத்தோடு வந்தாள். அவள் கூடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. கிண்ணத்தை மூடியிருந்த வாழை இலையை எடுத்தாள். உள்ளே ஆறாம் பாகம்.

"அவரு சாப்புட்டுத் தூங்குறாரு. நீங்க படிச்சிட்டு எனக்கும் சொல்லுங்கக்கா. எனக்கு ராணி செத்த எடத்துல என்னமோ சரியாவே படல" என்றாள்.

மசாலா கொடுத்தனுப்பினேன்.

படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகும். பேர்கள் வாயில் நுழையாது. நோட்டில் எழுதிவைக்க எனக்குத் தெரியாது. அதனால் பிஸ்கட் டின் மூடியில் ஆளுக்கு ஒரு சாமான் வைத்தேன். தூங்குகிற ராஜாவுக்குப் புளியங்கொட்டை. மந்திரவாதிக்குக் கிராம்பு. படகோட்டிக்கு ஏலக்காய். தம்பிக்கு ஒரு மிளகு, அதற்கு மேல் அவனுக்குத் தகுதி இல்லை. ராணிக்கு ஜாதிக்காய். செத்தால் டின்னுக்குள் போட்டுவிடுவேன். உயிரோடு இருக்கிறவர்கள் மூடியின் மேல். இப்படிச் செய்தால் எத்தனை பாகம் ஆனாலும் ஆள் மாறாது. வம்சம் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு தடவை என் வீட்டுக்காரர் படகோட்டியைத் தேத்தண்ணீரில் தட்டிப் போட்டுவிட்டார். வேறு ஏலக்காய் வைத்தேன்.

நெருப்பு வளையம் வரும் பக்கத்துக்கு வந்தேன். மஞ்சள் விரல் பட்ட கறை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கும். ராணி சாம்பலாகவில்லை. நெருப்பைக் கடந்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள். தலைமுடி கருகியிருந்தது, கிரீடம் ஒரு பக்கம் ஒடிந்திருந்தது. வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மந்திரவாதியின் கப்பல்களைக் கொளுத்தினது. தம்பி பயந்து பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஏழிலிருந்து பதினொன்று வரை முழுக்க அவளுடைய படை, அவளுடைய சண்டை. கிராணியின் சம்சாரம் ஒவ்வொரு பாகமாகக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ராணி செய்ததை எல்லாம் அந்த மனிதர் தம்பி செய்ததாகப் படித்திருக்கிறார். அவள் கோட்டையைப் பிடித்தால் தம்பி பிடித்தான். அவள் பட்ட காயம்கூடத் தம்பிக்கு.

ஜாதிக்காயை மூடியின் நடுவில் வைத்துவிட்டு வேலிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். "உயிரோடதான் இருக்கா" என்றேன். அவள் உள்ளே போய், எங்கள் படையலுக்குத் தோஷம் கழிய ஊதுவத்தி ஏற்றினாள்.

கொடி மாறப்போகிற மாதம் அது. கோயில் கூடத்தில் கலர்க் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமும் அதிகம். கிராணி பன்னிரண்டாம் பாகம் படித்தார். அதன் முதல் பக்கங்களை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். "தம்பி ஈட்டியை ஓங்கினான்" என்றார்.

"ராணி" என்றேன்.

தலையைத் தூக்கினார். "யாரும்மா அது?"

"ராணி ஓங்கினா. தம்பிக்கு ஈட்டி பிடிக்கவே தெரியாது. இருக்கிறதப் படிங்க."

முன்னால் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சமாளித்தார். "நான் சபைக்கு ஏத்த மாதிரிதான் படிப்பேன். நாடு சுதந்திரம் வாங்குது, சரி. வீட்டுல பொம்பளைங்களும் ஈட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா யாரு சோறு ஆக்குறது?"

ஆண்கள் சிரித்தார்கள். சரியாகப் போன மாதம் செமாபோக்கில் சிரித்தார்களே, அதே சிரிப்பு.

"சோறு ஆக்குறவதான் வடையும் சுட்டா" என்றேன். எழுந்து நின்றுவிட்டேன். "அவ உயிரோட இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். எங்கள எல்லாம் அழவிட்டு, பதினாறு கும்பிட வச்சி, எங்க எலையில உக்காந்து ஏழு வடை தின்னீங்க. எந்த வாயால தின்னீங்க?"

அப்போது என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடியே, "ஏழு இல்ல, எட்டு. நான்தான் பரிமாறுனேன்" என்றார்.

பெண்கள் பக்கம் வெடித்த சிரிப்பில் காகிதத் தோரணம் ஆடியது. கிராணி புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் போய் எடுத்தேன். உரக்கப் படித்தேன். ரா, ணி, ஈட், டி. ஒரு வரிக்குள் ஆண்கள் இரண்டு பேர் எழுந்துபோனார்கள். பக்கம் முடிவதற்குள் என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் மீதமில்லை. பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. கிராணியின் சம்சாரம் முன் பாய்க்கு வந்து உட்கார்ந்தாள். செட்டி வீட்டு அக்கா வாசல் தூணில் சாய்ந்து நின்றாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்து, அவளுக்கு மலாயில் சொல்லி, அடுத்த வரிக்குப் போனேன். பதினாறு பாகமும் முடிய மூன்று வருஷம் ஆனது.

மேடையில் பேசிய கண்ணாடிக்காரருக்கும் எட்டு வடை கிராணிக்கும் நடுவில் இத்தனை வருஷம் போயிருக்கிறது, இன்னும் அதே ஐந்து பாகத்தைத்தான் எங்களை விடச் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், ஏழாம் பாகத்தில் ஆரம்பியுங்கள். பிறகு முதலுக்குப் போங்கள். மெதுவாகப் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த பிஸ்கட் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று என் மகளே கேட்டுப் பார்த்துவிட்டாள். ஜாதிக்காய் மூடியின் மேல் இருக்கிறதா, டின்னுக்குள் இருக்கிறதா என்று என் வாயால் சொல்லமாட்டேன். புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.