எல்லைக்கு முன்னால் வந்த பஞ்சர்

அன்பானவர்களே, இனி என் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடியாது என்று ஒரு போலீஸ் அறையில் உட்கார்ந்து நான் அழுத நாள் ஒன்று உண்டு. குற்றம் ஏதும் செய்யாமலே அங்கே இருந்தேன். அதை நிரூபிக்க என் கையில் எதுவும் இல்லை என்றே நினைத்தேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெபராஜ். நாசரேத் பக்கம் எங்கள் ஊர். ஷார்ஜாவில் ஏசி பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி எஸ்தரும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். சுகர் வந்த பிறகு டாக்டர் சொன்னதால் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். லீவு நாட்களில் பாலைவனச் சாலைகளில் தமிழர்கள் கூட்டமாக ஓட்டுவோம். அங்கேதான் கஜன் பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர், துபாயில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவர். மதுரை முருகேசனும் அங்கே வந்து சேர்ந்தவன்தான். அவன் தொழிலாளர் கேம்பில் தங்கி வெல்டிங் வேலை செய்கிறான்.

போன குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, சுதாகர் என்ற ஒருவர் எங்கள் குழுவுக்குள் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. துபாயிலிருந்து அல் ஐன் போய், எல்லை தாண்டி ஓமன் பாலைவனம் வழியாக ஒரு நீண்ட பயணத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். விசா, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஸ்பான்சர் பொறுப்பாம். ஐந்து பேர் கிளம்பினோம். நான், கஜன், முருகேசன், இன்னும் இரண்டு பேர். சுதாகர் காரில் கூட வந்தார்.

கிளம்பும்போது ஒவ்வொருவர் சீட்டுக்கு அடியிலும் ஒரு புதுப் பையைக் கட்டிவிட்டார். ஸ்பான்சர் கொடுத்த அன்பளிப்பு, உள்ளே மாற்று ட்யூபுகள் இருக்கின்றன என்றார். ஜிப்பை பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

எனக்கு அங்கேயே உறுத்தியது. சைக்கிள்காரனுக்குத் தன் வண்டியின் எடை கைக்குத் தெரியும். ட்யூபுக்கு அவ்வளவு கனம் கிடையாது. திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். ஃபினிஷ்ல போட்டோ எடுக்கணும், பை பிரிக்காம இருக்கணும்னு ஸ்பான்சர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க" என்று சிரித்தார்.

போட்டோவுக்குப் பை பிரிக்காமல் இருந்தால் என்ன, பிரித்திருந்தால் என்ன? அன்று முழுவதும் அந்த மனிதரையே கவனித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் நிற்கும் இடத்திலெல்லாம் அவர் முதலில் பார்த்தது எங்களை அல்ல, பைகளை. போன் வந்தால் காரைவிட்டு இறங்கித் தூரமாகப் போய்ப் பேசினார். ஸ்பான்சர் யார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வந்தது. காரின் பின்னால் அவருடைய சைக்கிளும் ஏறி வந்தது. அதில் மட்டும் பை இல்லை.

கஜனிடம் மெல்லச் சொன்னேன். "அண்ணை, உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம். அந்தாள் ஓசியில எவ்வளவு செய்யுது! சும்மா யோசிக்காதேங்கோ" என்றார். ஓசியில் செய்வதுதான் எனக்குப் பயமே. வளைகுடாவில் இருக்கிற நம் எல்லோருக்கும் தெரியும், யாரோ கொடுத்த பார்சலை நம்பித் தூக்கிவந்து உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று.

அன்று மாலை அல் ஐனில் தங்கினோம். சைக்கிள்களைச் சுதாகர் தன் அறையிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனைவிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். "எஸ்தர், இங்க ஒரு ஆளு பை ஒண்ணு கட்டிவிட்டிருக்காரு. தொறக்கவும் விடமாட்டேங்காரு. எனக்கு மனசே சரியில்ல. நாளைக்கு எல்லை தாண்டணும். என் சந்தேகம் தப்புன்னா ஆண்டவர் அத எடுத்துப்போடட்டும். சரின்னா என்னைத் தாண்டவிடாம தடுக்கட்டும். நீ ஜெபம் பண்ணு." பிறகு முழங்காலில் நின்று நானும் அதையே கேட்டேன். சந்தேகம் போகவில்லை.

காலையில் சுதாகர், "பேப்பர் வேலை இருக்கு, நான் முன்னாடி தாண்டிப் போயிடறேன். அந்தப் பக்கம் பார்க்கலாம்" என்று காரில் போய்விட்டார். நாங்கள் ஊரைவிட்டு வெளியே வந்தோம். இரண்டு பக்கமும் சிவந்த மணல்மேடு. தூரத்தில் எல்லை வேலி கோடு மாதிரி தெரிந்தது. அந்த வேலியையே பார்த்துக்கொண்டு பெடலை மிதித்தேன். திரும்பிவிடலாமா? மற்றவர்களிடம் என்ன சொல்வது?

அப்போதுதான் என் பின்சக்கரம் இறங்கியது. முள். என்னிடம் சொந்தமாக ஒரு ட்யூப் இருந்தது, மாற்றினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அதே சக்கரம் மறுபடியும் இறங்கிவிட்டது. பம்ப் இருக்கிறது, ட்யூப் இல்லை. என் வண்டிச் சக்கரம் சின்னது, மற்றவர்களின் ட்யூப் பொருந்தாது. சுதாகருக்குப் போன் போட்டேன்.

"சார், மறுபடி பஞ்சர். கிஃப்ட் பையில ட்யூப் இருக்குன்னீங்கள்லா, அத எடுத்துக்கிடுதேன்."

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "பையைத் தொடாதீங்க! வண்டியைத் தள்ளிக்கிட்டு வாங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. இங்க நான் வேற ட்யூப் தர்றேன். சீக்கிரம், யல்லா, யல்லா."

போனை எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தேன். பையில் ட்யூப் இருக்கும்போது வெயிலில் அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வரச் சொல்கிற மனிதன் யார்? கஜன்தான் முதலில் வாய் திறந்தார். "திறவுங்கோ அண்ணை."

டேக்கை அறுத்தேன். உள்ளே ட்யூபுகள்தான் இருந்தன. ஆனால் விறைத்துப்போய், தொட்டால் உள்ளே ஏதோ நெறுநெறுத்தது. பிளேடால் கீறினேன். பிளாஸ்டிக் உறையில் வெள்ளை மாத்திரைகள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்தன.

முருகேசன் மணலில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, இங்கயே புதைச்சிட்டுத் திரும்பிருவோம்ணே. யாருக்கும் தெரியாது."

எனக்கும் அதுவே ஆசை. ஆனால் எல்லாவற்றிலும் எங்கள் கைரேகை இருக்கிறது. சுதாகரின் போனில் எங்கள் பாஸ்போர்ட் நகல்கள் இருக்கின்றன. போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, அவர்தான். எடுக்கவில்லை. ரோட்டோரம் தனியாக நின்ற ஒரு காஃப் என்ற பாலைவன மரத்தின் நிழலில் எல்லோரும் நின்றோம். நான் சத்தமாகவே ஜெபித்தேன், "இவ்வளவு தூரம் தடுத்தவரே, இனி என்ன செய்யணும்னு சொல்லும்" என்று. ஜெபித்து முடித்ததும் நாங்களே போலீசைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். நானே எண்ணை அழுத்தினேன்.

வந்தார்கள். பைகளைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏற்றினார்கள். போவதற்கு முன்னால் முருகேசன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே முன்னாடியே தெரிஞ்சுச்சு?" என்றான்.

ஸ்டேஷனில் அதிகாரியும் அதைத்தான் கேட்டார். "பாய், சச் போலோ, உண்மையைச் சொல்லு. நேத்தே தெரியும்னா ஏன் நேத்தே சொல்லலை? நீயும் அவன் ஆளா? பங்கு சண்டையா?" எனக்குத் தெரிந்த ஹிந்தியில் என்ன சொன்னாலும் அது எனக்கே பொய் மாதிரி கேட்டது. போனை வாங்கிக்கொண்டு என்னைத் தனி அறையில் உட்காரவைத்தார். வெளியே கஜனின் குரல் கேட்டது. அவர் என்ன சொல்கிறார், என்மேல் போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாளில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். மனம் உடைந்து, "ஆண்டவரே, நான் பேசினால் யாரும் நம்பவில்லை. நீரே எனக்காகப் பேசும்" என்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி என் போனோடு திரும்பி வந்தார். கூடவே மொழிபெயர்க்கிற ஒரு மலையாளி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர். திரையில் எஸ்தரின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

"யே கோன்?"

"மனைவி சார்."

அவள் கடைசியாக அனுப்பியிருந்த குரல் பதிவை அழுத்தினார்கள். "ஏங்க, நானும் பிள்ளைகளும் உபவாசம் இருக்கோம். ஒரு வார்த்த பதில் சொல்லுங்க. அந்தப் பையோட எல்லையத் தாண்டிராதீங்க, உங்க கால்ல விழுதேன்." அதற்கு மேலே இருந்தது, முந்தின மாலை நான் அனுப்பியது. அதையும் அழுத்தினார்கள். அந்த அறையில் என் குரலே எனக்காகப் பேசியது. மலையாளி ஒவ்வொரு வரியாக அரபியில் சொன்னார். ஜெபம் என்ற இடம் வந்தபோது அவரும் தடுமாறினார். அதிகாரி இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தார்.

உடனே விட்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருமுறை சில போட்டோக்களைக் காட்டினார்கள். அதில் அந்தச் சுதாகர் இருந்தான், வேறு பெயரில். அவன் பிடிபட்டானா என்று எங்களிடம் சொல்லவில்லை. இன்றும் ரோட்டில் நல்ல உடையில் யாராவது சிரித்தால் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன். ஆனால் எங்கள் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. வழக்கு ஒன்றும் இல்லை. கம்பெனியில் வேலையும் போகவில்லை. ஊருக்குப் போய் என் பிள்ளைகளைத் தூக்கினேன். கர்த்தருக்கே மகிமை.

கஜன் இப்போது எதையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். முருகேசன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நான் எங்க முருகனுக்கு மொட்டை போட்டுட்டேன். உங்க சாமிக்கு என்ன செய்யணும்?" என்றான். இருவரும் சிரித்தோம், பிறகு இருவருக்கும் அழுகை வந்தது. முன்பெல்லாம் அவசரத்துக்கு மட்டும் ஜெபிக்கிறவனாக இருந்தேன். இப்போது காலையில் சைக்கிளைத் தொடுவதற்கு முன் முழங்காலில் நிற்கிறேன்.

பிரியமானவர்களே, மனதில் ஓர் உறுத்தல் வந்தால், நாலு பேர் சிரிப்பார்கள் என்று அதை அடக்கிவிடாதீர்கள். அது உங்கள் பயமாகவும் இருக்கலாம், அவர் தட்டுகிற சத்தமாகவும் இருக்கலாம். எது என்று அவரிடமே கேளுங்கள், தடுக்கச் சொல்லியும் கேளுங்கள். அவர் தடுத்தால், ரோட்டோரம் நிற்க வெட்கப்படாமல் நின்று பையைத் திறந்து பாருங்கள்.